ஹீட்டர் நூறு வீதம், ஏசி முந்நூற்றைம்பது வீதம்: இந்தக் கணக்குல ஒண்டு விடுபடுது

புறக்கோட்டையில ஹீட்டர் வாங்கப் போனா கடைக்காரர் கட்டாயம் இதைச் சொல்லுவார், "தம்பி இது நூறு வீதம் எபிஷியன்ட், உள்ள போற கரண்ட் முழுக்க சுடுதண்ணியாத்தான் வரும், ஒண்டும் வீணாப் போகாது." அவர் பொய் சொல்லேல்லை. பாத்ரூம் சுவர்ல மாட்டுற அந்த 3.5 கிலோவோட் பெட்டிக்குள்ள இருக்கிறது ஒரு சுருள்தான், அதுக்குள்ள போற மின்சாரம் எல்லாம் வெப்பமா மாறுது, அந்த வெப்பம் கிட்டத்தட்ட முழுசாத் தண்ணிக்குப் போகுது. பக்கத்துல இருக்கிற ஏசியைக் கேட்டா அது 350 வீதம் எண்டுவார், ஒரு யூனிட் கரண்ட் எடுத்து மூண்டரை யூனிட் வெப்பத்தை ரூமை விட்டு வெளில தள்ளுமாம். அதுவும் உண்மை. ஆனா கட்டிடங்களுக்கு ஏசி டிசைன் பண்ணிச் சாப்பிடுற ஆள் எண்ட முறையில நான் சொல்லுறன், அந்த நூறு வீத ஹீட்டர்தான் உங்கட வீட்டில இருக்கிற ஆகலும் மோசமான மெஷின்கள்ல ஒண்டு, ஏசியும் அப்பிடியொண்டும் நல்ல நிலைமையில இல்லை.

ஏன் எண்டு சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போட வேணும். கொழும்புக் குழாய்த் தண்ணி 28 பாகை அளவுல வரும், குளிக்க 40 பாகை காணும். நிமிஷத்துக்கு 4 லீட்டர் கணக்குல 8 நிமிஷம் குளிச்சா 32 லீட்டர், அதை 12 பாகை கூட்ட 0.45 யூனிட் போகும். அரை யூனிட்தானே எண்டு விட்டுடாதேங்கோ, அந்த அரை யூனிட்டால வேற என்ன செய்யலாம் எண்டு பாருங்கோ. 1000 லீட்டர் தண்ணியை 30 மீட்டர் உயரத்துக்கு, அதாவது பத்து மாடி மேல இருக்கிற டாங்குக்கு ஏத்த, புவியீர்ப்புக்கு எதிரா செய்ய வேண்டிய வேலை 0.08 யூனிட் மட்டும்தான். சுமாரான பம்ப் ஒண்டு அதைப்போல மூண்டு மடங்கு எடுத்தாலும் கால் யூனிட். ஒரு டன் தண்ணியை பத்தாம் மாடிக்கு ஏத்துறதை விட ஒரு ஆள் வெதுவெதுப்பாக் குளிக்கிறதுக்கு கூடக் கரண்ட் போகுது, இதை முதல் தரம் கணக்குப் பார்த்தப்ப எனக்கே நம்பக் கஷ்டமா இருந்திச்சு.

இப்ப கேக்க வேண்டிய கேள்வி என்னண்டா, அந்த 32 லீட்டரை 28ல இருந்து 40க்குக் கொண்டு போக இயற்கை உண்மையில எவ்வளவு வேலை கேக்குது? சுத்தி இருக்கிற காத்தும் 28 பாகையில இருக்கு, அதுக்குள்ள அளவில்லாத வெப்பம் கிடக்கு, அதை எடுத்து கொஞ்சம் மேல தூக்கி தண்ணிக்குள்ள போட்டாப் போதும். குறையே இல்லாத ஒரு வெப்பப் பம்ப் இருந்தா அதுக்குத் தேவையான மின்சாரம் 9 வோட் மணித்தியாலம் அளவுலதான். அதாவது ஒரு யூனிட்டை ஆயிரமாப் பிரிச்சா அதில ஒன்பது பங்கு. நாங்கள் செலவழிக்கிறது 450. அப்ப அந்த நூறு வீத ஹீட்டர்ட உண்மையான மார்க் நூறுக்கு 2. மலையைக் கல்லி எலியைப் பிடிக்கிறது எண்டு சொல்லுவினமே, அதுதான் ஒவ்வொரு நாள் காலமையும் எங்கட பாத்ரூமுக்குள்ள நடக்குது.

இதுதான் ஏஎல் படிக்கேக்க எங்கள்ல கனபேருக்கு விளங்காமலே போன இடம். சக்தி அழியாது, ஆக்க ஏலாது எண்டு முதலாம் விதியைப் பாடமாக்கினம், சரி அழியாதெண்டா பிறகேன் மிச்சம் பிடிக்கச் சொல்லுறாங்கள் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித்தரேல்லை. அழியுறது சக்தி இல்லை, அதுன்ட தரம். ஒரு யூனிட் மின்சாரத்தால மோட்டர் சுத்தலாம், லைற் எரிக்கலாம், போன் சார்ஜ் பண்ணலாம், வெப்பமாவும் மாத்தலாம். அதே ஒரு யூனிட் 40 பாகைத் தண்ணிக்குள்ள போயிட்டா அதைத் திருப்பி எடுத்து ஒரு ஃபேனைக் கூட ஒழுங்கா ஓட்ட ஏலாது. எண்ணிக்கை அப்பிடியே இருக்கு, ஆனா அதால செய்யக்கூடிய வேலை போயிட்டுது.

இதை முதல்ல பிடிச்சவர் சாடி கார்னோ எண்ட பிரெஞ்சு எஞ்சினியர், 1824ல, அப்ப அவருக்கு வயசு இருபத்தெட்டு. அந்தக் காலத்தில நீராவி எஞ்சின் எண்டாலே நிலக்கரியைக் குடிக்கிற சாமான், 1712ல நியூகோமன் செய்த எஞ்சின் எரிக்கிற நிலக்கரியில நூறில ஒரு பங்கு கூட வேலையா மாத்தேல்லை, 1769ல ஜேம்ஸ் வாட் தனிக் கண்டென்சருக்கு (நீராவியைக் குளிராக்கித் தண்ணியாக்குற பகுதி) பேட்டண்ட் எடுத்த பிறகுதான் கொஞ்சம் முன்னேறிச்சு. எல்லாரும் நல்ல வால்வு, நல்ல சிலிண்டர் எண்டு தேடிக்கொண்டிருக்க கார்னோ வேற மாதிரி யோசிச்சார், எவ்வளவு நல்ல எஞ்சின் செய்தாலும் தாண்ட ஏலாத ஒரு எல்லை இருக்கு, அது எஞ்சின்ட கெட்டித்தனத்தில இல்லை, சூடான பக்கத்தின்டயும் குளிரான பக்கத்தின்டயும் வெப்பநிலையில மட்டும்தான் இருக்கு எண்டு. இருநூறு வருஷம் ஆகுது, அந்த எல்லையை இன்னும் ஒருத்தரும் தாண்டேல்லை, தாண்டவும் ஏலாது.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தை எடுங்கோவன். மூண்டு 300 மெகாவோட் மெஷின், மொத்தம் 900. அந்த வகை நிலக்கரி நிலையங்கள்ல நீராவி 540 பாகை அளவுக்குப் போகும், குளிர்ப் பக்கம் கடல் தண்ணி, 30 பாகை. கார்னோ சொன்ன எல்லை இந்த ரெண்டுக்கும் இடையில 63 வீதம் அளவு. உண்மையில அந்த வகை நிலையங்கள் தாறது மூண்டில ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட, ஏனெண்டா தண்ணி அந்த 540ல வெப்பத்தை வாங்கத் தொடங்குறேல்லை, கீழ இருந்து சூடாகி, கொதிச்சு, பிறகுதான் மேல போகுது. மிச்சம் கடலுக்கும் புகைபோக்கிக்கும். அப்ப நிலக்கரிக் கரண்ட்ல ஹீட்டர் போடுற ஒரு ஆள் உண்மையில செய்யுறது என்ன? அங்க 540 பாகை நீராவியை மூண்டில ஒண்டா மின்சாரமாக்கி, இவ்வளவு தூரம் வயர்ல கொண்டு வந்து, வழியில கொஞ்சத்தை இழந்து, கடைசியில அதைத் திருப்பி 40 பாகை வெப்பமாக்குறது. காஸ் அடுப்பில கேத்தில் வச்சு ஒரு வாளி தண்ணி கலந்து குளிச்ச எங்கட அம்மாமார் இந்தக் கணக்குல எவ்வளவோ திறம், அடுப்புப் பக்கத்தால பாதி வெப்பம் போனாலும் கூட.

நீர்மின்சாரம் வேற கதை. உயரத்தில இருக்கிற தண்ணி நல்ல தரமான சக்தி, டர்பைன் பத்தில ஒன்பது பங்குக்குக் கிட்ட மின்சாரமாக்கித் தரும், கார்னோ எல்லை அதுக்கு இல்லவே இல்லை. எங்கட எஞ்சினியர் டி. ஜே. விமலசுரேந்திர 1918லயே எங்கட மலைநாட்டுத் தண்ணியால இந்தத் தீவுக்குக் கரண்ட் குடுக்கலாம் எண்டு கணக்கோட எழுதி வச்சவர், லக்சபான நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கினது 1950ல. முப்பது வருஷத்துக்கு மேல. அந்த மனுஷன்ட கணக்கை அப்பவே கேட்டிருந்தா எண்டு நினைக்கேக்க எனக்கு இப்பவும் மனசு வலிக்கும்.

லைற் பற்றிக் கனக்கச் சொல்லத் தேவையில்லை, அங்க வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. 60 வோட் குண்டு பல்ப் குடுத்த வெளிச்சத்தை 9 வோட் எல்ஈடி குடுக்குது, நீல எல்ஈடியைக் கண்டுபிடிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூண்டு பேருக்கும் 2014ல நோபல் குடுத்தது சரியான முடிவு. வெள்ளை வெளிச்சத்துக்கு இயற்கை வச்ச எல்லையில இப்ப கடையில வாங்குற எல்ஈடி மூண்டில ஒரு பங்கைத் தொட்டுட்டுது. ஹீட்டர் ஐம்பதில ஒரு பங்கில நிக்குது. எங்க கை வைக்க வேணும் எண்டு இதுலயே தெரியுது.

இனி ஏசி. கொழும்பில இதுதான் பெரிய விஷயம், இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

வெளில 32 பாகை, உள்ள 26 பாகை. வித்தியாசம் வெறும் 6 பாகை. வெப்பத்தை மட்டும் பார்த்தா கார்னோ கணக்குப்படி ஒரு யூனிட் கரண்டுக்கு 50 யூனிட் வெப்பத்தை வெளில தள்ளலாம். எங்களுக்குக் கிடைக்கிறது மூண்டரை. மிச்சம் எங்க போச்சு? முதலாவது, ஏசிக்குள்ள இருக்கிற குளிர்ச் சுருள் 26 பாகையில இருந்தா ரூம் குளிராது, அது 10 பாகை அளவுக்கு இறங்க வேணும், அதே மாதிரி வெளில இருக்கிற சுருள் 45, 48க்கு ஏற வேணும், இல்லாட்டி வெப்பம் ஓடாது. கொம்பிரசர், அதாவது வாயுவை அமுக்குற மெஷின், வெப்பத்தை 6 பாகை ஏத்தவேண்டிய இடத்தில 38 பாகை ஏத்துது. இந்த ஏத்தத்துக்கான எல்லையே ஏழரைக்கு விழுந்துடும், அதுல கொம்பிரசர் மோட்டர் இழப்பெல்லாம் போக மூண்டரை மிஞ்சுது.

சுருள் ஏன் 10 பாகைக்குப் போக வேணும் எண்டா, எங்கட ஊர்ல வெக்கையை விடப் பெரிய சண்டை ஈரத்தோட. கொழும்புக் காத்தில இருக்கிற ஈரம் 24 பாகைக்குக் கீழ போனாத்தான் தண்ணியா இறங்கும், அதைக் காணுமான அளவு வடிக்க சுருள் நல்லாக் குளிர வேணும். வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள நடந்தா மேல இருந்து தலையில சொட்டுதே ஏசித் தண்ணி, அதுல ஒவ்வொரு லீட்டரையும் காத்தில இருந்து பிரிக்க 0.68 யூனிட் வெப்பத்தை வெளில தள்ள வேணும், கரண்ட் கணக்குல 0.2 யூனிட். அதால மழைக் காலத்தில உடுப்பைத் தோய்ச்சு ஏசி ரூமுக்குள்ள காயப்போடுற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், அந்த உடுப்பில இருக்கிற தண்ணியை காத்துக்கு விட்டுத் திருப்பி ஏசியால வடிக்கிறீங்கள், அதுக்கு நீங்கதான் காசு கட்டுறீங்கள். பல்கனியில போடுங்கோ. ரைஸ் குக்கரையும் ஏசி ஓடுற ஹோலுக்குள்ள வைக்காதேங்கோ.

இன்வேர்ட்டர் ஏசி, அதாவது கொம்பிரசர்ட வேகத்தைத் தேவைக்கேத்த மாதிரிக் கூட்டிக் குறைக்கிற ஏசி, மிச்சம் பிடிக்கும் எண்டு எல்லாரும் சொல்லுறாங்கள், காரணம் கேட்டா அடிக்கடி ஓனாகி ஓஃப் ஆகுறேல்லை எண்டுவாங்கள். அது ஒரு காரணம், ஆனா முக்கியமானது வேற. கொம்பிரசர் மெதுவா ஓடேக்க அதே அளவுச் சுருளுக்குக் குறைஞ்ச வெப்பம்தான் கடத்த இருக்கு, அதால குளிர்ச் சுருள் அவ்வளவு குளிரத் தேவையில்லை, சூட்டுச் சுருள் அவ்வளவு கொதிக்கத் தேவையில்லை, ஏத்தம் குறையுது, கார்னோவுக்குக் கிட்டப் போறம். இதால ஒரு நல்ல விஷயம் விளங்கும்: இன்வேர்ட்டர் ஏசியை அவசரப்படுத்தாதேங்கோ. ரூமுக்குள்ள வந்து 18ல வச்சு பிறகு குளிருது எண்டு போர்வை தேடுறதை விட முதல்லயே 26, 27ல வச்சு விடுறதுதான் அந்த மெஷினுக்கும் உங்கட பில்லுக்கும் நல்லது.

அதோட ஒரு ஃபேனும் போடுங்கோ. ஃபேன் காத்தைக் குளிராக்குறேல்லை, ஆளைத்தான் குளிராக்குது, வியர்வையை ஆவியாக்கி. மேல படுற காத்து ரெண்டு மூண்டு பாகை குறைஞ்ச மாதிரி உடம்புக்குத் தெரியும். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வோட் எடுக்கும், இப்ப வாற பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டர்) ஃபேன் 30 வோட் அளவுல அதே காத்தைத் தரும். காத்தைத் தள்ளத் தேவையான வலு வேகத்தின்ட மூண்டாம் அடுக்கா ஏறும், வேகத்தைப் பாதியாக்கினா எட்டில ஒண்டு காணும், அதால ரெண்டு ஃபேனை மெதுவா விடுறது ஒண்டை முழு வேகத்தில விடுறதை விட அனேகமா லாபம்.

இனி வெளில இருக்கிற பெட்டி. இதைப் பார்த்தா எனக்கு உண்மையாவே கோபம் வரும். புது பிளட்டுகள்ல அவுட்டோர் யூனிட் எல்லாத்தையும் கண்ணுக்குத் தெரியாம ஒடுக்கமான ஒரு ஷாஃப்டுக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி, முன்னுக்கு அழகுக்கு ஒரு கம்பி வலையும் அடிச்சு விட்டிருப்பாங்கள். கீழ் மாடிப் பெட்டி விடுற சூட்டுக் காத்து மேல ஏறி மேல் மாடிப் பெட்டிக்குள்ள போகுது, அது இன்னும் சூடாகி அதுக்கு மேல போகுது. மேல போகப் போக அந்தப் பெட்டிக்கு வெளில 32 பாகை இல்லை, 40, 42. சூட்டுச் சுருள் ஒவ்வொரு பாகை ஏறுறதுக்கும் ரெண்டு மூண்டு வீதம் கூடக் கரண்ட் போகும் எண்டு எங்கட தொழில்ல எல்லாருக்கும் தெரியும், அப்ப பத்துப் பாகைக்குக் கணக்குப் பாருங்கோ. ஐந்து ஸ்டார் ஏசி வாங்கி ஷாஃப்டுக்குள்ள வச்சா அது ஐந்து ஸ்டார் இல்லை. அந்த லேபிள் லேபுக்குள்ள எடுத்த நம்பர்.

அடுத்தது மேற்குப் பக்கக் கண்ணாடி. கடல் தெரியும் எண்டு கூடக் காசு குடுத்து வாங்குற பிளட்டுக்குள்ள பின்னேரம் நாலு மணி வெயில் நேரா வருது. ரெண்டு சதுர மீட்டர் சாதாரணக் கண்ணாடியால கிட்டத்தட்ட ஒரு கிலோவோட் வெப்பம் உள்ள வரும், 12000 பிடியு ஏசி ஒண்டின்ட மொத்தக் குளிராக்குற வலுவே மூண்டரை கிலோவோட்தான். உள்ளுக்கு திரைச்சீலை போட்டா காணும் எண்டு நினைக்கிறாங்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த பிறகு திரைச்சீலையில பட்டுத் திரைச்சீலை சூடாகும், அந்தச் சூடு திரும்பி வெளில போக கண்ணாடி விடாது. நிழல் வெளிலதான் இருக்க வேணும், தட்டியோ, ஓலையோ, ஷட்டரோ, ஒரு மரமோ. பம்பலப்பிட்டிப் பக்கம் மிஞ்சி இருக்கிற பழைய வீடுகளைப் பாருங்கோ, உயரமான கூரை, ஆழமான விறாந்தை, கதவுக்கு மேல காத்துப் போற ஓட்டைக் கட்டை. கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா பகத்தலை வீதி 33ஆம் லேன்ல தன்ட வீட்டுக்குள்ள சின்னச் சின்ன முற்றம் விட்டுக் காத்தையும் வெளிச்சத்தையும் கொண்டு வந்தது போட்டோ எடுக்க மட்டும் இல்லை. இந்தக் காலநிலையை விளங்கிக்கொண்டு கட்டின ஆக்கள் எங்களுக்கு முன்னாலயே இருந்திருக்கினம், நாங்கள்தான் குளிர் நாட்டுக்குச் செய்த கண்ணாடிப் பெட்டியை கோல்ஃபேஸ் வெயில்ல கொண்டு வந்து வச்சிட்டு அதை ஏசியால காப்பாத்தப் பார்க்கிறம்.

வாகனத்தைப் பற்றி ஒரு வரி. கொழும்பில ஹைபிரிட் கார் இவ்வளவு ஓடுறதுக்கு காரணம் அந்த எஞ்சின் 40 வீதத்துக்குக் கிட்டப் போறது மட்டும் இல்லை, காலி வீதி ட்ரஃபிக்ல நிக்கேக்க எஞ்சின் நிக்குது, பிரேக் பிடிக்கேக்க சக்தி திரும்ப பட்டறிக்குப் போகுது. நிண்டுகொண்டு ஓடுற எஞ்சின்ட வினைத்திறன் பூச்சியம், அது எவ்வளவு நல்ல எஞ்சின் எண்டாலும்.

சரி, இதெல்லாம் செய்தா நாடு முழுக்கக் கரண்ட் மிச்சம் வருமா எண்டு ஆக்கள் கேப்பினம். 1865லயே ஜெவன்ஸ் எண்ட ஆங்கிலப் பொருளியலாளர் சொல்லியிருக்கிறார், வாட் எஞ்சினை நல்லாக்கின பிறகு இங்கிலாந்தில நிலக்கரிப் பாவனை குறையேல்லை, கூடிச்சு, மலிஞ்சதால எல்லாரும் எஞ்சின் வச்சாங்கள் எண்டு. இங்கயும் அது நடக்கும், ஏசி ஓட்டுறது மலிஞ்சா கூட ஆக்கள் ஏசி போடுவினம். நான் அதைப் பிழையாப் பார்க்கேல்லை. தகரக் கூரைக்குக் கீழ ஏப்ரல் மாசப் புழுக்கத்தில தூக்கமில்லாம கிடந்து விடியக் காலமை வேலைக்குப் போற ஒரு ஆள் ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினா அது வீண் இல்லை, அதுக்குத்தானே இந்த எஞ்சினியரிங் எல்லாம். அதுக்கு எவ்வளவு செலவு, அது டொலர்ல வெளில போகுதா இல்லையா எண்டதுதான் விஷயம். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினப்ப பவர் ஸ்டேஷன் இல்லாம வெட்டேல்லை, எரிக்க எண்ணெய் வாங்கக் காசு இல்லாம வெட்டினது. பின்னேரம் ஆறரையில இருந்து பத்தரை வரைக்கும்தான் எல்லா வீட்டிலயும் ஒண்டா லைற், ஏசி, ஐயன் எல்லாம் ஓடுது, அந்த நேரத்தில சோலார் இல்லை, விலை கூடின எண்ணெய் மெஷின்களைத்தான் ஓட விடுறாங்கள். அந்த நாலு மணித்தியாலத்தில மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிட்டும் பகல் பன்னிரண்டு மணிக்கு மிச்சம் பிடிக்கிற ஒரு யூனிட்டும் ஒண்டில்லை.

கையில கொஞ்சம் காசு இருக்கு, எதை முதல் செய்யுறது எண்டு கேட்டா நான் சொல்லுற ஒழுங்கு இதுதான். மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளில நிழல் முதல்ல, அது மெஷினே இல்லை, பழுதாகாது. பிறகு படுக்கிற ரூம் ஃபேனை பிஎல்டிசி ஆக்குங்கோ, ராவு முழுக்க ஓடுறது அதுதான். ஏசி மாத்துறது அதுக்குப் பிறகு, மாத்தேக்க உள்ள மாட்டுற பெட்டின்ட ஸ்டாரைப் பார்க்கிறதை விட வெளிப் பெட்டிக்கு நல்லாக் காத்து வருமா எண்டு டெக்னிஷியன்ட கேளுங்கோ, சுவருக்கும் அதுக்கும் இடைவெளி விடச் சொல்லி நிண்டு பாருங்கோ. புதுசா வீடு கட்டுற ஆக்கள் எண்டா சுடுதண்ணிக்கு கூரையில சோலார் இல்லாட்டி ஹீட் பம்ப் (முதல்ல சொன்ன வெப்பப் பம்ப்) போடுறதுக்கு இப்பவே பைப் விட்டு வையுங்கோ, பிறகு டைல்ஸ் உடைக்க ஒருத்தருக்கும் மனசு வராது. வாடகை வீட்டில இருக்கிறவை மத்தியானம் கூரையில இருக்கிற கறுப்பு டாங்கால வாற தண்ணியைத் தொட்டுப் பாருங்கோ, பின்னேரக் குளிப்புக்கு அனேகமா ஹீட்டர் சுவிட்ச் போடவே தேவைப்படாது.